சட்டத்துக்குள் அடங்காதது

துறைமுகத்தில் என் கிரேன் நாற்பது மீட்டர்.
ஏணி ஏறிக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தால்
சால்வடோர் நகரமே என் முழங்காலுக்குக் கீழே.
அங்கே வைத்து என்னைக் குள்ளச்சி என்று
எவனும் சொன்னதில்லை.

தரையில்தான் தொல்லை.
தரையில் நான் ஜூசிலெய்டே,
ஐந்தடிக்கு இரண்டு விரற்கடை குறைவு.
மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் ஆறு நாள் அமுங்கிய முடி
சனி இரவில் கழற்றும்போது
கல்லில் தட்டிய அடைபோல ஒட்டிக் கிடக்கும்.

அன்றிரவே அலசிவிடுவேன்.
ஈரத்தில் தோள் தொடும், காய்ந்தால் காதுக்கு ஏறிவிடும்;
நீளத்தை எங்கே ஒளிக்கிறதோ, கேட்டதில்லை.
உச்சியில் அன்னாசிப்பழம்போல் கூட்டிக் கட்டி
வழுக்குத் துணி சுற்றிப் படுப்பேன்.

ஞாயிறு மதியம் வேலை தொடங்கும்.
எண்ணெய் ஒரே சொட்டு.
கூடினால் கனம், கனம் கீழே இழுக்கும்.
எனக்குத் தெரியாதா,
கனம் தூக்கிப் பிழைப்பவள் நான்.

இடுப்பை மடித்துத் தலைகீழாய்த் தொங்கி
வேரில் மட்டும் வெந்நீராவிபோல் சூடு காட்டுவேன்.
பிறகு நிமிர்ந்து, முட்கரண்டிச் சீப்பு.
நுனியைத் தொடக் கூடாது,
சுருள் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.
வேரில் நுழை. தூக்கு. விடு.
நுழை. தூக்கு.
கை வலிக்கும்போது மாடி வீட்டு ரோசினால்வா
ஜன்னலிலிருந்து கத்துவாள்:
பின்மண்டையில் பள்ளம், பெண்ணே,
ஒரு லாரி நிறுத்தலாம்!

மாலைக்குள் ஒரு சாண்.
நான்கு பக்கமும் ஒரு சாண்.
பஸ்ஸில் பின்னால் இருந்தவன்
கடல் தெரியவில்லை என்றான்,
தலைக்கனம் என்று முணுமுணுத்தான்.
கனமா? ஊதிப் பாருங்கள் ஐயா,
முக்காலும் காற்று.

இந்த மார்ச்சில் அட்டைகளை மாற்றினார்கள்.
திங்கள் காலை ஏழு மணி, புகைப்பட அறை.
முந்தின நாள் தூக்கியது அப்படியே நின்றது,
சொல்லப்போனால் இரண்டாம் நாள்தான்
முடி சொன்ன பேச்சுக் கேட்கும்.
ஜெனிவால்டோ திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
சட்டத்துக்குள் அடங்கவில்லை, என்றான்.
எந்தச் சட்டம்?
விரலால் திரையில் ஒரு நாற்கோணம் வரைந்து காட்டினான்.
கட்டிக்கொண்டு வா,
இல்லாவிட்டால் தண்ணீர் தொட்டு வழித்து வாரு.

வாசலில் பதினோரு பேர் காத்திருந்தார்கள்.
வழித்து வாரினால் ஒரு நிமிடம்தான்.
பள்ளியில் வாரியிருக்கிறேன்,
முதல் நேர்காணலுக்கு வாரியிருக்கிறேன்,
அந்த இரண்டு படங்களிலும்
கடன் கேட்க வந்தவள்போல இருப்பேன்.

நீ பின்னால் போ, என்றேன்.
நாற்காலியைத் தள்ளிப் போனான்.
போதவில்லை.
கோப்பு அலமாரியை நகர்த்தினான்.
கதவைத் திறந்து, வரிசையை விலக்கி,
நடைபாதையில் நின்று எடுத்தான்,
யாரோ கை தட்டினார்கள், எனக்கா அவனுக்கா தெரியாது.

அட்டை வந்தது.
முகம் கொட்டைப்பாக்கு அளவு.
மீதி அட்டை முழுக்க முடி.

இப்போது தினமும் வாசல் காவலன் அடெனில்டன்
அட்டையை என் ஹெல்மெட் அருகே பிடித்து
இது நீயில்லை, என்கிறான்.
கழற்றுகிறேன். அடை.
இதுவும் இல்லை.
பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன.
பூட்ஸுக்குள்ளிருந்து சீப்பை உருவி
முன்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று,
நுழை, தூக்கு, விடு.
அவன் அட்டையைப் பார்க்கிறான்,
தலையை அசைக்கிறான்: இன்னும் கொஞ்சம்.
கொஞ்சம் தூக்குகிறேன்.
ஆங், நீதான்.

திரும்ப ஹெல்மெட்டை மாட்டும்போது
பட்டையை ஒரு துளை தளர்த்தி
ஏணியில் கால் வைக்கிறேன்.